நிலவுக்கு வண்டி கட்டிய ஆசிரியர்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் வழியில், குடகனாற்றின் கரையில் இருக்கிறது எங்கள் ஊராகிய தாடிக்கொம்பு. சௌந்தரராசப் பெருமாள் கோயிலைக் காண வெளியூர்களிலிருந்து வருவோர் மண்டபத்துச் சிற்பங்களைக் கண்டு வியந்து திரும்புவர். எனக்கோ இளமை முதல் வியப்பளித்தது எங்கள் தொழுவத்துச் சுவரில் சாய்ந்து கிடக்கும் ஒரு பாரவண்டிச் சக்கரம். என் தாத்தா அந்த வண்டியில் புகையிலைச் சிப்பமும் நிலக்கடலை மூட்டையும் ஏற்றி, வேடசந்தூர் வழியாகக் கரூர் வரை ஓட்டியவர். லாரிகள் பெருகிய பின் வண்டி நின்றது. சக்கரம் மட்டும் மிஞ்சியது.

வண்டித் தொழிலைப் பற்றித் தாத்தா அடிக்கடி கூறும் செய்தி ஒன்று உண்டு. பாரம் ஏற்றுமுன் வண்டிக்காரன் மாட்டுத் தீனியை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பார். வழியில் தீனி கிடைக்குமானால் வண்டி நிறைய மூட்டை ஏற்றலாம். கிடைக்காத வழியென்றால் சோளத்தட்டையையும் பருத்திக்கொட்டையையும் வண்டியிலேயே ஏற்றிச் செல்ல வேண்டும். அந்தத் தட்டையின் பாரத்தையும் மாடுதான் இழுக்கிறது. இழுப்பதற்காக இன்னும் தின்கிறது. வழி நீள நீள மூட்டை குறையும், தட்டை கூடும். ஒரு கட்டத்தில் வண்டி முழுவதும் தட்டையே நிறைந்திருக்கும். கூலிக்கு ஏற்றும் மூட்டைக்கு இடமிராது. அத்தகைய வழியில் வண்டி கட்டுபவன் மூடன் என்பது தாத்தாவின் முடிவு.

கல்லூரிக்கு வந்த பிறகுதான், இந்த வண்டிக் கணக்கை விண்வெளிக்குப் போட்டுப் பார்த்த ஒருவர் இருந்தார் என அறிந்தேன். அவர் பெயர் கான்ஸ்தாந்தின் சியோல்கோவ்ஸ்கி. ருஷ்ய நாட்டுச் சிறு நகரங்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர். நிலவுக்குப் பொருள்களையும் மனிதரையும் ஏற்றிச் சென்று அங்கே ஒரு குடியிருப்பை அமைப்பது பற்றி இன்று உலக நாடுகள் பேசுகின்றன. அப்பேச்சின் அடியில் இருப்பது அவர் எழுதிவைத்த கணக்கே. அவருடைய வாழ்க்கையை நான் எழுத முன்வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

செவி இழந்த சிறுவன்

சியோல்கோவ்ஸ்கி 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், ரியாசான் மாநிலத்து இழெவ்ஸ்கொயே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வனத்துறையில் பணியாற்றியவர். வீட்டில் குழந்தைகள் பலர், வருவாயோ சிறிது. சிறுவனுக்குப் பத்து வயதாகும் தறுவாயில் செங்காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தது; ஆனால் செவிப்புலனின் பெரும்பகுதி போய்விட்டது. வகுப்பில் ஆசிரியர் சொல்வது கேட்காத சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பு எவ்வாறு ஏறும்? பள்ளி அவனை விட்டு விலகியது. 1870இல் அன்னையும் மறைந்தார். விளையாட்டுத் தோழரும் இன்றி, தந்தையின் அலமாரியில் இருந்த நூல்களே துணையாக வளர்ந்தான் அச்சிறுவன்.

பதினாறாம் வயதில், மகனின் அறிவுத்திறத்தைக் கண்ட தந்தை அவனை மாஸ்கோ நகருக்கு அனுப்பினார். கல்லூரியில் சேர்ந்தல்ல, பொது நூலகத்தில் உட்கார்ந்து மூன்றாண்டுகள் கற்றான் அவ்விளைஞன். கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வானவியலும் தானே படித்துத் தேர்ந்தான். அந்நூலகத்தில் நிக்கலாய் ஃபியோதரவ் என்னும் நூலகர் அவனுக்கு நூல்கள் எடுத்துக் கொடுத்து உதவினார். மனித இனம் ஒரு நாள் விண்ணில் பரவி வாழும் என்று நம்பிய சிந்தனையாளர் அந்நூலகர். வீட்டிலிருந்து வந்த சிறுதொகையில் பெரும்பகுதி நூல்களுக்கும் சோதனைக்கான வேதிப்பொருள்களுக்கும் போயிற்று. எஞ்சியதில் கறுப்பு ரொட்டி வாங்கி உண்டு நாள்களைக் கடத்தினான். உடல் மெலிந்த செய்தி தந்தைக்கு எட்டவே, 1876இல் ஊருக்குத் திரும்ப நேர்ந்தது.

இங்கே என் காரணத்தைக் கூறிவிடுகிறேன். சிறு வயதில் சீழ் வடிந்த நோயால் என் இடக்காது கேளாமற் போயிற்று. அதனைப் பிறர் அறியக் கூடாதென்று, பள்ளி முதல் கல்லூரி வரை கடைசி வரிசையில் அமர்ந்து மறைத்து வந்தேன். முதலாண்டில் இயக்கவியல் தாளில் தேறவில்லை. வகுப்பில் பாதி எனக்குக் கேட்கவேயில்லை என்பதை வீட்டிலும் சொல்லவில்லை, விரிவுரையாளரிடமும் சொல்லவில்லை. படிப்பை நிறுத்தித் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போவதென்று வீட்டில் பேச்சு எழுந்த அந்த நாள்களில்தான், கல்லூரி நூலகத்தின் மூலை அடுக்கில் இருந்த ஒரு பழைய நூலில் சியோல்கோவ்ஸ்கியின் படத்தைக் கண்டேன். வெண்தாடியும் மூக்குக் கண்ணாடியுமாக அமர்ந்திருந்த அம்முதியவரின் கையில், தகரத்தால் செய்த நீண்ட புனல் ஒன்று இருந்தது. பிறர் பேச்சைக் கேட்பதற்காக அவரே செய்துகொண்ட செவிக்குழல் அது. கண்டவர் நகைப்பரே என்று அவர் அதனை ஒளித்துவைக்கவில்லை. மறுநாள் நான் முதல் வரிசைக்கு மாறினேன். விரிவுரையாளரிடம் உண்மையையும் சொன்னேன்.

கலூகா நகரத்து ஆசிரியர்

1879இல் ஆசிரியர் தேர்வில் தேறிய சியோல்கோவ்ஸ்கி, மறுஆண்டு போரவ்ஸ்க் என்னும் சிறு நகரில் எண்கணிதமும் வடிவியலும் கற்பிக்கும் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே திருமணமும் நிகழ்ந்தது. 1892இல் கலூகா நகருக்கு மாற்றலாகி, இறுதிவரை அந்நகரிலேயே வாழ்ந்தார். ஓகா ஆற்றங்கரையில் ஒரு சிறு மரவீடு. மாடியில் ஒரு பட்டறை. பகலில் பள்ளி, இரவில் ஆராய்ச்சி. உலோகத்தால் ஆன வானக்கப்பலைப் பற்றி எழுதினார். 1897இல் காற்றோட்டத்தைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தம் கைப்பொருளில் அமைத்தார். ருஷ்யாவில் அதுவே முதலாவது. அறிவியல் கழகம் மனமிரங்கி அளித்த உதவி 470 ரூபிள். வேறு பெரிய ஆதரவு நெடுங்காலம் அவருக்குக் கிட்டவில்லை.

நிலவு அவர் உள்ளத்தை இளமையிலேயே கவர்ந்தது. நிலவின் மேல் நிற்கும் இருவர் காணும் காட்சிகளைக் கதையாக எழுதி 1893இல் வெளியிட்டார். காற்றில்லாத கருநிற வானம், ஆறில் ஒரு பங்காகக் குறைந்த எடை, நம் கணக்கில் ஏறத்தாழ இரு வாரம் நீளும் பகல், அதே அளவு நீளும் குளிர் இரவு ஆகியவற்றை அதில் விவரித்தார். எனினும் கதை எழுதியதோடு அவர் மனம் நிறைவு பெறவில்லை. அங்கே போவது எப்படி என்ற வினா எஞ்சி நின்றது.

தீனியின் கணக்கு

விண்வெளியில் காற்றில்லை. பறவை சிறகால் காற்றை உந்துகிறது. படகு துடுப்பால் நீரை உந்துகிறது. மாடு குளம்பால் நிலத்தை உந்துகிறது. உந்துவதற்கு ஒன்றுமில்லாத வெளியில் எதனை உந்துவது? கையில் கொண்டுசென்ற பொருளையே பின்னோக்கி எறிய வேண்டும். அதன் எதிர்விளைவால் முன்னே செல்ல வேண்டும். வாணவெடி மேலே பாய்வது இம்முறையில்தான். ஆகவே விண்ணூர்தி தன் தீனி முழுவதையும் தானே சுமந்து செல்லும் வண்டியாகிறது.

1897ஆம் ஆண்டு மே மாதத்தில் சியோல்கோவ்ஸ்கி இதற்கான சமன்பாட்டை எழுதினார். அதன் சாரத்தைக் கணிதம் பயிலாதவர்க்கும் விளங்கும்படி கூற முயல்கிறேன். எரிவாயு வெளியேறும் வேகம் எவ்வளவோ அவ்வளவு வேகத்தை ஊர்தி பெற வேண்டுமாயின், புறப்படும்போது அதன் எடை முடிவில் எஞ்சும் எடையைப் போல் 2.72 மடங்கு இருக்க வேண்டும். அதைப் போல் இரு மடங்கு வேகம் வேண்டுமாயின் 7.4 மடங்கு, மும்மடங்கு வேகம் வேண்டுமாயின் 20 மடங்கு. வேகம் கூட்டல் கணக்கில் ஏறும்போது, தீனி பெருக்கல் கணக்கில் ஏறுகிறது! தாத்தா அனுபவத்தால் அறிந்ததைச் சியோல்கோவ்ஸ்கி கணிதத்தால் நிறுவினார். ஆனால் அத்தகைய வழியில் வண்டி கட்டலாகாது என்று தாத்தா நிறுத்திய இடத்தில், அதனைக் கட்டுவது எப்படி என்று அவர் எண்ணத் தொடங்கினார்.

அதற்கு அவர் இரண்டு வழிகள் கண்டார். முதலாவது, கருமருந்தை விட்டுவிட்டுச் செறிவான தீனியைத் தேடுவது. திரவ ஹைட்ரஜனையும் திரவப் பிராணவாயுவையும் சேர்த்து எரித்தால் வாயு மிகுந்த வேகத்தில் வெளியேறும் என்று 1903இல் வெளியான தம் கட்டுரையில் எடுத்துரைத்தார். மோட்டார் வண்டியே புதுமையாக இருந்த காலம் அது. இரண்டாவது வழியை 1929இல் விரிவாக எழுதினார். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஊர்தித் தொடர் புறப்பட வேண்டும். தீனி தீர்ந்த ஊர்தி கழன்றுவிட, எஞ்சியவை மேலே செல்ல வேண்டும். காலிச் சாக்கைச் சுமந்து திரிவதில் பயனில்லை அன்றோ? இன்று விண்ணிற் செல்லும் பன்னிலை ஏவூர்திகளுக்கெல்லாம் இக்கருத்தே அடிப்படை.

துயரும் தொண்டும்

இத்தகைய அறிவுச் செல்வத்தை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா? இல்லை. 1903ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியர் அவ்வாண்டிலேயே இறந்தார், இதழும் நின்றது. கட்டுரையின் தொடர்ச்சி அச்சேற 1911 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1902இல், மாணவனாக இருந்த மகன் தற்கொலை செய்துகொண்டான். 1908இல் ஓகா ஆறு பெருக்கெடுத்து வீட்டினுள் புகுந்தது. 1911இல் மகள் ஒருத்தி புரட்சி இயக்கத் தொடர்பால் கைதானாள். இவ்வளவு துயருக்கு நடுவிலும் அவர் பள்ளிக்குச் சென்றார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், இரவில் எழுதினார். தம் நூல்களைச் சொந்தச் செலவில் சிறு சிறு ஏடுகளாக அச்சிட்டுக் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பினார்.

புரட்சிக்குப் பின்னரே அவருக்கு மதிப்பு வந்தது. அதற்கு முன் 1919இல் தவறான ஐயத்தின்பேரில் சில நாள்கள் சிறையிலும் இருந்தார். 1921இல் அரசு வாழ்நாள் ஓய்வூதியம் அளித்தது. அமெரிக்காவில் கொடார்டும் ஜெர்மன் மொழியில் ஓபெர்த்தும் ராக்கெட் பற்றி எழுதியபோது, இவர் பல்லாண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தமை உலகுக்குத் தெரியவந்தது. 1935 செப்டம்பர் 19ஆம் நாள் வயிற்றுப் புற்றுநோயால் கலூகாவில் மறைந்தார். தம் எழுத்துகள் அனைத்தையும் நாட்டுக்கே எழுதிவைத்தார். அவர் ஓர் ஏவூர்தியையும் ஏவியதில்லை, ஏவக் கண்டதுமில்லை. அவர் பிறந்த நூற்றாண்டில், 1957 அக்டோபர் 4ஆம் நாள், ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது. 1959இல் லூனா 3 நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படம் பிடித்தபோது கண்ட பெரும்பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

குடியேறிகள்

ஏவூர்தியை எண்ணிய பலர் இருந்தனர். அதில் ஏறிச் செல்லும் மனிதன் அங்கே எவ்வாறு உயிர் வாழ்வான் என்று அவர்போல் விரிவாக எண்ணியோர் அன்று சிலரே. 1920இல் நூலாக வெளிவந்த அவருடைய கதையொன்று 2017ஆம் ஆண்டில் நடப்பதாக அமைந்தது. பல நாட்டு அறிஞர்கள் இமயமலையில் ஒரு மாளிகையில் கூடி வாழ்ந்து, அங்கிருந்தே விண்ணூர்தியைப் புறப்படச் செய்கின்றனர். விண்ணில் கண்ணாடிப் பயிர்வீடுகள் எழுகின்றன. பயிர் காற்றைத் தூய்மை செய்கிறது; உணவும் தருகிறது; மனிதனின் கழிவு பயிருக்கு எருவாகிறது. பின்னர் மக்கள் அங்கே குடியேறுகின்றனர். 1926இல் இதனையே பதினாறு படிகள் கொண்ட திட்டமாக எழுதினார். விண்ணிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே குடியிருப்புகளை வளர்க்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தில் அடங்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலான மனிதரைத் தேர்ந்தெடுத்து வளர்த்தால்தான் மனித இனம் உயரும் என்ற கருத்தும் அவரிடம் இருந்தது. அதனை நாம் ஏற்க இயலாது. நம் மாவட்டங்களின் ஏழை மக்கள் இலங்கைத் தேயிலைக் காடுகளுக்கும் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கப்பலேறிய வரலாறு நமக்குத் தெரியும். அங்கே அவர்கள் மனிதராக அன்று, ஏற்றி இறக்கும் சரக்காகவே கணக்கிடப்பட்டனர். இனி நிலவுக்குக் குடியேறுவோர் யார், எந்த உரிமையோடு போவார் என்ற வினாவைச் சமன்பாடு தீர்க்காது. அதனை மனிதர்தாம் தீர்க்க வேண்டும். பள்ளி ஏற்காத செவிட்டுச் சிறுவனே அவ்வழியைக் கண்டான் என்பதை, ஆள் தேர்ந்தெடுப்போர் மறவாதிருப்பாராக!

நிலவில் ஒரு சத்திரம்

சியோல்கோவ்ஸ்கியின் கணக்கு எத்துணைக் கடுமையானது என்பதற்கு நிகழ்ந்தவையே சான்று. 1969 முதல் 1972 வரை பன்னிரு அமெரிக்கர் நிலவில் நடந்தனர். ஒவ்வொரு முறையும் புறப்பட்ட ஏவூர்தியின் எடை ஏறத்தாழ 2,900 டன். திரும்பி வந்து கடலில் இறங்கிய கலமோ ஏறத்தாழ 5 டன். ஆறு பயணங்களிலும் சேர்த்து அவர்கள் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. நம் நாட்டின் சந்திரயான் 3, 2023 ஜூலை 14ஆம் நாள் புறப்பட்டபோது ஏவூர்தியின் எடை சுமார் 640 டன். அது விண்ணில் விட்ட கலம் 3,900 கிலோ. அதில் தரையிறங்கி 1,752 கிலோ. ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவின் தென்பகுதியில் இறங்கியபின் உருண்டோடிய ஊர்தி 26 கிலோ. 640 டன் புறப்பட்டு, ஒரு சிறு மூட்டை அளவே ஊர்ந்தது! அந்த ஏவூர்தியின் மேனிலையில் எரிந்தவை திரவ ஹைட்ரஜனும் திரவப் பிராணவாயுவுமே. கலூகாவின் மரவீட்டில் எண்ணிய எரிபொருளை எரிக்கும் எந்திரங்களைத் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் நம்மவர் சோதித்து வருகின்றனர்.

இனிக் குடியிருப்புக்கு வருவோம். ஒரு மனிதனுக்கு மூச்சுவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் பிராணவாயு வேண்டும். ஆண்டுக்கு 300 கிலோவுக்கு மேல். நீர் வேண்டும், உணவு வேண்டும், கதிர்வீச்சிலிருந்து காக்கக் கனத்த கூரை வேண்டும். அத்தனையும் பூமியிலிருந்தே ஏற்றிச் செல்வதானால், அது தாத்தா பழித்த வண்டியேயாகும்.

ஆனால் தாத்தாவே விடையும் வைத்திருந்தார். நெடுவழி போகும் வண்டிக்காரன் நீரும் தீனியும் கிடைக்கும் தாவளங்களை அறிந்து வைத்திருப்பான். அங்கங்கே மாட்டை அவிழ்த்துத் தீனி காட்டிப் புறப்படுவான். வண்டியில் மூட்டைக்கு இடம் கிடைக்கும். நிலவையே அத்தகைய சத்திரமாக்கினால் என்ன? 2008இல் சென்ற நம் சந்திரயான் 1 திரட்டிய செய்திகளைக் கொண்டு, நிலவில் நீரின் கூறுகள் உண்டென்று 2009இல் அறிவிக்கப்பட்டது. துருவப் பகுதியில் கதிரொளி என்றும் படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது. நீரைப் பகுத்தால் கிடைப்பவை ஹைட்ரஜனும் பிராணவாயுவும். அதாவது சியோல்கோவ்ஸ்கி சொன்ன அதே தீனி. நிலவு மண்ணின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் பிராணவாயு, பிற தனிமங்களோடு பிணைந்திருக்கிறது. அதனைப் பிரித்தெடுக்கும் முறைகளை ஆராய்ந்து வருகின்றனர். வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் அம்மண்ணே உதவும்.

அந்த மண் நமக்குப் புதிதன்று என்பதுதான் வியப்பு. நிலவின் வெண்மையான மேட்டுநிலம் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்னும் பாறையால் ஆனது. சந்திரயான் தரையிறங்கியைச் சோதிக்க அத்தகைய மண் தேவைப்பட்டபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறையே அரைத்துப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டது. அதே இனப் பாறை நம் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்தைச் சூழ்ந்தும் கிடக்கிறது. வண்டி வண்டியாகக் காய்கறி வந்திறங்கும் அந்தச் சந்தை ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. புவியியல் வல்லுநர் உலகெங்கும் அறிந்த அப்பாறையின் மேல் நின்றுகொண்டு, நம்மில் எத்தனை பேர் நிலவை நினைத்திருப்போம்?

2040க்குள் இந்தியர் ஒருவரை நிலவுக்கு அனுப்ப நம் அரசு குறிக்கோள் வகுத்துள்ளது. அதற்கான வண்டியைக் கட்டப் போகிறவர்கள் இன்று ஏதேனும் ஒரு கல்லூரி வகுப்பில் அமர்ந்திருக்கலாம். கடைசி வரிசையிலும் அமர்ந்திருக்கலாம்.

இயக்கவியல் தாளை இரண்டாம் முறை எழுதித் தேறினேன். முடிவு வந்த நாள் மாலை, தாத்தாவிடம் சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டைச் சோளத்தட்டைக் கணக்காகவே விளக்கினேன். அவர் என் வலப்பக்கமாக நகர்ந்து அமர்ந்து, எனக்குக் கேட்கும் காதருகே ஒரே ஒரு கேள்வி கேட்டார். அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். அப்படியானால் வண்டி கட்டலாம் என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துச் சக்கரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

நண்பர்களே! குறை ஒன்று இருப்பின் அதனை ஒளிக்காதீர்கள். செவிக்குழல் ஒன்றைச் செய்துகொண்டு கேளுங்கள். கேளாச் செவியோடு நிலவுக்கு வழி கண்ட அவ்வாசிரியரின் பெயர் அந்நிலவின் மேலேயே நிலைத்து நிற்கிறது. வாழ்க அவர் புகழ்!